கரகர, டக்டக், கிறீச்: வேலூர்ப் புழுதியில் பைக் செயினின் கோளாறைக் கண்டறிவது எப்படி?

வண்டியிலிருந்து வழக்கத்தில் இல்லாத சத்தம் வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: கையில் கிடைத்த எண்ணெயைச் செயின்மேல் ஊற்றுவது. சில நேரம் அது கைகொடுக்கும். பல நேரம் சத்தத்தை நான்கு நாள் அடக்கிவைத்துவிட்டு, உள்ளே தேய்மானத்தைக் கூட்டிவிடும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி என்று பழைய வடஆற்காட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றின் மணலும், ஜல்லி லாரிகள் கிளப்பிவிடும் தூளும் எண்ணெய்ப் பசையைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குப்பியைத் திறப்பதற்கு முன் கோளாறு எது என்று பார்த்துவிடுவோம்.

சோதனை எளிது. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி காதையும் கண்ணையும் செயின்மேல் வையுங்கள். முதல் கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுழல, துணியைப் பிடித்துச் செயினைத் துடைக்கும் பழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. துணி பல்சக்கரத்தில் சிக்கினால் விரலும் கூடவே போகும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனம் இல்லை: என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது.

உங்கள் வண்டியின் செயின் எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் செயின் முழு உறைக்குள் ஓடும். அதில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை நீக்கி உள்ளே பார்க்கலாம். 150 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் பலவற்றில் செயின் திறந்தபடியே ஓடும். அவற்றில் சிலவற்றின் கண்ணித் தகடுகளுக்கு இடையே மெல்லிய கறுப்பு ரப்பர் வளையங்கள் தெரியும். அது ஓ-ரிங் செயின். அதைக் கையாளும் முறை வேறு, இடையிடையே சொல்கிறேன்.

அறிகுறி: கரகரவென்ற உலர்ந்த சத்தம்

வேகம் கூடக் கூடச் சத்தமும் சீராகக் கூடும். கிளட்ச்சைப் பிடித்து வண்டியை உருளவிட்டாலும் சத்தம் நிற்காது. சக்கரத்தைக் கையால் சுற்றினாலே காய்ந்த இரும்பு உரசும் ஒலி கேட்கும். செயினைத் தொட்டால் விரலில் பசை ஒட்டாது. இது பட்டினி கிடக்கும் செயின். எண்ணெய் கேட்கிறது; கொடுக்கலாம். ஆனால் எங்கே கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறிய அச்சாணி இருக்கிறது. அது ஒரு குழலுக்குள், அதாவது புஷ்ஷுக்குள், திரும்புகிறது. புஷ்ஷைச் சுற்றி ஓர் உருளை. பல்சக்கரத்தின் பல் வந்து உட்காருவது இந்த உருளையின்மேல்தான். செயின் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அச்சாணி புஷ்ஷுக்குள் உரசுகிறது. உராய்வு நடக்கும் இடம் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெளித் தகடுகள் பளபளவென்று எண்ணெயில் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே அச்சாணி காய்ந்து கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. தகடு மின்னுவது துருப்பிடிக்காமல் இருக்க உதவும். செயினின் ஆயுளைக் கூட்டாது.

இந்தத் தேய்மானம்தான் நாளடைவில் செயினை நீளமாக்குகிறது. ஏறக்குறைய 110 கண்ணிகள் உள்ள செயினில் ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்த நீளத்தில் 11 மி.மீ. கூடிவிடும். முடி அளவு தேய்மானம் ஒரு விரல் அகலத் தொய்வாக வந்து நிற்பது இப்படித்தான்.

முதலில் சுத்தம். மண்ணெண்ணெயை ஒரு சிறிய கிண்ணத்தில் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்து, கீழ்ப்பக்கம் ஓடும் செயினை நான்கு புறமும் தேயுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டதால் பலர் டீசலைப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் வளையம் இல்லாத சாதாரணச் செயினுக்கு அது போதும். பெட்ரோல் வேண்டாம். தீப்பற்றும் அபாயம் ஒருபுறம். ஓ-ரிங் செயினாக இருந்தால் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். அந்த வகைக்கு மண்ணெண்ணெயோ, ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் செயின் கிளீனரோதான் சரி. கம்பி பிரஷ்ஷும் அதற்கு ஆகாது. கழுவியதும் பனியன் துணியால் நன்றாகத் துடைத்து, அரைமணி நேரம் காயவிடுங்கள். மூட்டுக்குள் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால், பின்னால் போடும் எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துப்போகும்.

அடுத்து எண்ணெய். சாதாரணச் செயினுக்கு 90 எண் கியர் ஆயில் நல்லது. விலையும் குறைவு, எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். 90 என்ற எண்ணைப் பார்த்து, என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று எண்ணிவிட வேண்டாம். கியர் ஆயிலுக்கான அளவுகோலே வேறு. வெப்பத்தில் அதன் கெட்டித்தன்மை 40, 50 எண் என்ஜின் ஆயிலுக்கு அருகில்தான் வரும். குப்பியிலிருந்து நேராக ஊற்றுவதைவிட, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். வேலூரில் மருந்துக்கடைக்குப் பஞ்சம் இல்லை.

கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்முகத்தில், அதாவது பல்சக்கரத்தைத் தொடும் பக்கத்தில், எண்ணெயை விடுங்கள். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய சந்து இருக்கும். அச்சாணிக்குப் போகும் வழி அதுதான். இடப்பக்கம் ஒரு சொட்டு, வலப்பக்கம் ஒரு சொட்டு, உருளையின் விளிம்பில் ஒரு சொட்டு. சக்கரத்தை மெல்ல நகர்த்தியபடி முழுச் செயினுக்கும் இப்படியே கொடுத்து வாருங்கள். உள்முகத்தில் விட்ட எண்ணெயைச் சுழற்சி வேகம் வெளிப்பக்கமாகத் தள்ளும்போது அது மூட்டுகளின் ஊடாகப் போகும். வெளிமுகத்தில் விட்டால் அந்த வேகமே அதைத் தெருவில் இறைத்துவிடும்.

வண்டி ஓடி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும் நேரமே எண்ணெய் விட ஏற்றது. சூட்டில் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். கழுவிக் காயவைப்பதற்குள் சூடு ஆறிவிட்டால் பக்கத்துத் தெரு வரை ஒரு சுற்று போய் வாருங்கள். இரவு விட்டு, காலையில் துடைப்பது என் கட்சி. காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் எண்ணெய் விட்டு, அப்படியே வண்டியை எடுத்தால் பாதி ரிம்முக்கும் மீதி கால்சட்டைக்கும் போகும்.

ஓ-ரிங் செயினில் அச்சாணிக்கு வேண்டிய கிரீஸைத் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிட்டார்கள். நீங்கள் விடும் எண்ணெய் அங்கே போகாது, போகவும் வேண்டாம். உருளைக்கும் பல்லுக்கும் இடையே, தகடுகளின்மேல், வளையங்கள் காய்ந்து வெடிக்காமல் இருக்க என்று மெல்லிய பூச்சு போதும்.

அறிகுறி: எண்ணெய் விட்டு இரண்டே நாளில் மறுபடி கரகர

எண்ணெய் உள்ளே போகவில்லை என்று பொருள். அழுக்கின்மேல் விட்டிருப்பீர்கள், அல்லது ஊறவிடாமல் ஓட்டியிருப்பீர்கள். இன்னொரு காரணம், விட்டது எண்ணெயாகவே இல்லாமல் இருப்பது. துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் விற்கும் மெல்லிய ஸ்பிரேக்கள் கழுவ உதவும். சூட்டிலும் அழுத்தத்திலும் நிலைத்து நிற்காது. செயின் லூப் (லூப்ரிகன்ட்) என்று செயினுக்கென்றே தனியாக விற்பது வேறு. ஸ்பிரேயாக அடிக்கும்போது மெல்லியதாக உள்ளே நுழைந்து, கரைப்பான் ஆவியானதும் கெட்டிப்படும்படி அதைச் செய்திருக்கிறார்கள். விலை அதிகம், வசதியும் அதிகம். திறந்த செயின் உள்ள வண்டிக்கு அதையே சொல்வேன். மூடிய செயினுக்குக் கியர் ஆயிலே தாராளம்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விடுபவர்களும் உண்டு. அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழிக் காலையில் வேலூரின் குளிர் அதைவிடக் கீழே இறங்குகிறது. நாள்பட்டால் பிசினாகவும் இறுகும். தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செயின்மேல் கறுப்புக் களிம்பு

சத்தம் இருக்காது. அதனால்தான் இது மோசமான அறிகுறி. விரலால் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அதில் மணல் கலந்திருக்கிறது. எண்ணெயில் குழைந்த மணல் அம்மியில் வைத்து அரைப்பதுபோல் உருளையையும் பல்லையும் அரைத்துக்கொண்டே இருக்கும். பார்வைக்குச் செயின் எண்ணெயில் ஊறி இருக்கிறது. உண்மையில் காய்ந்த செயினைவிடச் சீக்கிரம் தேய்கிறது.

இந்தக் களிம்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று கிரீஸ். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸை எடுத்துச் செயின்மேல் அப்பினால் அது கெட்டியாக மேலேயே நிற்கும். மூட்டுக்குள் இறங்காது, வரும் தூசியை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில். இலவசமாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. கரியும் நுண்ணிய இரும்புத் துகளும் கலந்த எண்ணெயைச் செயினுக்குக் கொடுப்பது, தேய்மானத்தைக் காசில்லாமல் வாங்கிவருவது.

தீர்வு: புதிதாக எதையும் விடாமல் முதலில் முழுக்கக் கழுவுவது. முன்பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். களிம்பு கட்டிகட்டியாக உள்ளே அடைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் செயினை மட்டும் கழுவினால் ஒரே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். மாசி முதல் ஆடி வரை புழுதிச் சாலையில் ஓட்டுபவர்கள் எண்ணெயைக் குறைவாக, ஆனால் அடிக்கடி விடுவதும், மெழுகு வகை செயின் லூப்பைப் பயன்படுத்துவதும் நல்லது. மெழுகு உலர்ந்து நிற்பதால் அதில் தூசி அவ்வளவாக ஒட்டாது.

அறிகுறி: மூட்டுகளில் செம்பழுப்புத் தூள்

இதில் இரண்டு வகை. தகட்டின்மேல் லேசாகத் துரு படிந்திருந்தால், மழையில் நனைந்து அப்படியே நின்ற வண்டி. பயப்பட ஒன்றுமில்லை, கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் சரியாகும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாலை இடிமழையும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் பெய்யும் ஊர் இது. நனைந்து வந்தால் அன்றிரவே துடைத்து ஒரு கை எண்ணெய் விட்டுவிடுங்கள். கிலோமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டாம்.

தகடு சுத்தமாக இருந்து, இரண்டு தகடுகளுக்கு இடையிலிருந்து மட்டும் செந்தூள் கசிந்தால் கதை வேறு. அச்சாணியும் புஷ்ஷும் எண்ணெய் இல்லாமல் ஒன்றையொன்று தின்று, அந்த இரும்புத் தூள் துருவாக வெளியே வருகிறது. ஓ-ரிங் செயினில் இப்படித் தெரிந்தால் அந்த மூட்டில் வளையம் போய்விட்டது. உள்ளிருந்த கிரீஸும் போயிருக்கும். வெளியிலிருந்து அதைத் திரும்ப நிரப்ப முடியாது.

வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடிக்கும் நீரைச் செயினுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். இருக்கும் எண்ணெயை அது வெளியேற்றி, நீரை உள்ளே ஏற்றிவிடும். வண்டி பளபளவென்று வீட்டுக்கு வந்த மறுவாரமே செயின் கத்தத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

அறிகுறி: சுற்றும்போது ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு

சாக்பீஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் நிலையில் செயினின் ஒரு கண்ணியிலும், அதற்கு நேராகப் பின்பல்சக்கரத்திலும் கோடு போடுங்கள். இன்னும் சில சுற்று சுற்றுங்கள். பல்சக்கரத்தின் கோடு அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் இறுக்கம் வந்தால், பல்சக்கரம் வட்டம் தவறியிருக்கிறது. கண்ணியின் கோடு வரும்போது மட்டும் வந்தால், செயின் சமமின்றித் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்குமே எண்ணெயால் ஒன்றும் ஆகாது.

சில கண்ணிகள் மட்டும் வளைந்தபடியே நின்று, பல்சக்கரத்தை விட்டு வெளியே வந்த பிறகும் நிமிராமல் இருந்தால், அவை துருவில் இறுகியவை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கையால் இப்படியும் அப்படியும் மடக்கி, எண்ணெய் விட்டால் பல இளகிவிடும். இளகாதவை இருந்தால் செயினை மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: குழியில் இறங்கினால் டக்டக்

முதலில் செயின் உறையின் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று கழன்று விழுந்திருந்தாலோ, உறை நசுங்கியிருந்தாலோ இதே சத்தம் வரும். அது இல்லையென்றால் தொய்வு. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை ஸ்கேலால் அளக்கவும். பெரும்பாலான அன்றாட வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. என்று சொல்கிறார்கள், உங்கள் வண்டிக்கு உரியதும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதும் கையேட்டில் இருக்கும். அளப்பது மிக இறுக்கமான இடத்தில். தொய்வான இடத்தில் அளந்து இறுக்கினால் இறுக்கமான இடம் வில் நாண் ஆகிவிடும்.

இறுக்கும்போது ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சின், நட்டைத் தளர்த்தி, டிரம் பிரேக்கானால் பிரேக் கம்பியையும் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருப்புங்கள். இருபுறக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஆக்சிலை இறுக்கியபின் தொய்வை மறுபடி அளந்து, பிரேக் மிதியின் அசைவையும் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

தொய்வு கூடாது என்று கயிறு மாதிரி இழுத்துக் கட்டுவது அதைவிடத் தவறு. ஆள் ஏறி உட்கார்ந்து பின் ஸ்பிரிங் அமுங்கும்போது, முன்பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மூட்டு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டை நெருங்கும். அப்போது செயின் இன்னும் இறுகும். இடமில்லையென்றால் அந்த இழுப்பை என்ஜின் தண்டின் பேரிங்கும் சக்கர பேரிங்கும் தாங்க வேண்டியிருக்கும். பின்னால் பால் கேனோ கத்தரிக்காய் மூட்டையோ ஏற்றிப் போகும் வண்டியில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

அறிகுறி: கிறீச்சென்ற ஓலம், தகட்டின் உட்பக்கம் ஒருபுறம் மட்டும் பளபளப்பு

பின்சக்கரம் சாய்ந்து நிற்கிறது. சக்கரத்தின் ஒருபக்க அட்ஜஸ்டர் முன்னால், இன்னொன்று பின்னால். பஞ்சர் ஒட்டிய பிறகு இந்தச் சத்தம் தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது இடி

செயினைக் குற்றம் சொல்வதற்கு முன், பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தை மட்டும் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர் நைந்துவிட்டது. என்ஜினின் இழுப்பு செயினில் அதிர்ச்சியாக இறங்காமல் தாங்குவது அந்த ரப்பர்தான். அது போன வண்டியில் புதுச் செயினும் சீக்கிரம் தேயும். செலவும், செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்த செயின் செட்டை ஒப்பிட்டால் சிறியது.

அறிகுறி: ஏற்றத்தில் செயின் பல் தாண்டிக் குதிக்கிறது

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன கியரில் இரண்டு பேரோடு ஏறும்போதுதான் இது முதலில் தெரியவரும். செயினில் இழுப்பு மிக அதிகமாக இருக்கும் நேரம் அது. எண்ணெய்க் குப்பியை மூடிவைத்துவிடுங்கள். செயின் அறுந்தால் என்ஜின் உறையை உடைக்கலாம், சுருண்டு சக்கரத்தைப் பூட்டவும் செய்யலாம். மெதுவாக இறங்கி மெக்கானிக்கிடம் போங்கள்.

அந்த நிலைக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள். பின்பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினின் காலம் முடிந்தது. இன்னும் துல்லியமாக வேண்டுமானால், செயினை இழுத்து நிறுத்தி, ஓர் அச்சாணியின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி 21ஆவது அச்சாணியின் நடு வரை அளக்கவும். சின்ன வண்டிகளில் வரும் 428 வகைச் செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ.; ஆகவே புதுச் செயினில் இது 254 மி.மீ. 259ஐத் தொட்டால் மாற்ற வேண்டும். மூன்று நான்கு இடங்களில் அளந்து, பெரிய எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பற்களையும் பாருங்கள். புதுப் பல் இருபுறமும் ஒத்திருக்கும். தேய்ந்தது ஒருபக்கம் சாய்ந்து கொக்கியாகியிருக்கும். முன்பல்சக்கரத்தில் பற்கள் குறைவு, ஒவ்வொரு பல்லும் அதிக முறை செயினைச் சந்திக்கிறது. அதனால் அதுதான் முந்தித் தேயும். செலவைக் குறைக்கச் செயினை மட்டும் மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர்களும் உண்டு, அதற்குத் தலையாட்டும் கடைகளும் உண்டு. கொக்கிப் பல்லில் ஓடும் புதுச் செயின் பழைய செயினின் வயதைச் சீக்கிரமே எட்டிவிடும். மூன்றும் சேர்ந்த செட்டாக மாற்றுங்கள்.

மாற்றியபின் மூன்று விஷயங்கள். புதுச் செயினில் இருக்கும் கிரீஸ் தொழிற்சாலையில் உள்ளே வரை இறக்கியது. அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெயில் கழுவிவிடாதீர்கள், வெளிப்பசையைத் துடைத்தால் போதும். முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை தொய்வைப் பாருங்கள்; புதுச் செயின் தொடக்கத்தில் கொஞ்சம் தளரும். அதன்பின் திறந்த செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் என்பது நல்ல கணக்கு. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் போய்வருபவருக்கு அது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வந்துவிடும். முழு உறை உள்ள வண்டிக்கு இன்னும் தள்ளிப்போடலாம், ஆனால் ரப்பர் மூடியை நீக்கிப் பார்க்காமல் தள்ளிப்போடக் கூடாது.

வண்டியை எடுக்கும் முன், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கையும் ஒருமுறை பாருங்கள். அதில் இருக்கும் சிறிய கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியும், பிளந்த பக்கம் பின்னோக்கியும் இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும். கழற்றிச் சரியாக மாட்டித் தரும்படி அங்கேயே கேளுங்கள்.